ஒரு லிட்டர் மணல்!

எங்கள் ஏரியா பெயர் கதிர்காமம். வெளியூரில் யாரிடமாவது சொன்னால், "ஸ்ரீலங்காவா ஸார்?" என்று ஓர் அடி பின்னால் நகர்ந்து நிற்பார்கள். "இல்லை ஸார், பாண்டிச்சேரி" என்றதும் முகம் மலர்ந்து இரண்டு அடி முன்னால் வருவார்கள். பின்னால் போனதற்குக் காரணம் முருகன். முன்னால் வந்ததற்குக் காரணம்... உங்களுக்கே தெரியும்!

வழுதாவூர் ரோட்டில் இருக்கிற கதிர்காமத்துக்கும் கடலுக்கும் நாலஞ்சு கிலோமீட்டர்தான். ஆனால் எங்கள் பேட்டையில் கடல் வாசனை வராது. இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரிப் பக்கம் டீக்கடை வாசனைதான் வரும். இத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டு நான் பீச்சுக்குப் போவது வருஷத்துக்கு மூன்று தடவை. மூன்றும் விருந்தாளி வந்த தோஷத்தில்.

இந்தத் தடவை வந்த விருந்தாளி என் மனைவியின் தம்பி. பெங்களூரில் சாஃப்ட்வேர். சனிக்கிழமை ராத்திரி வந்து இறங்கியவன், அரை டிராயரை எடுத்து மடித்து வைத்துக்கொண்டே புரோகிராம் சொன்னான்.

"மாமா, நாளைக்கு ஃபுல் டே பீச். மணல்ல உக்காரணும், கால நனைக்கணும், சாயந்தரம் கடல்ல சூரியன் முங்கறதைப் பார்க்கணும்."

"மாப்ளே, இது கிழக்குக் கடற்கரை. சூரியன் முங்கறது எங்க மொட்டை மாடியிலதான். ஊசுட்டேரிப் பக்கமா முங்கும்."

"சரி, உதிக்கறதையாவது பார்ப்போம். மணல் இருக்குல்ல?"

அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமையைத் தூங்கிக் கழித்திருக்கலாம். "அது ஒரு பெரிய கதைடா" என்று இழுத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

காலை ஐந்தரை மணிக்கு என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். மாசிக் கடைசி. நேரு வீதி தூங்கிக்கொண்டிருந்தது. கடற்கரைச் சாலையில் சாயந்தரம் தொடங்கி மறுநாள் காலை ஏழரை வரைக்கும் வண்டி விடமாட்டார்கள். பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு நடந்தோம். தமிழ்நாட்டிலேயே இல்லாத சுகம் இது. (பாண்டிச்சேரி தமிழ்நாட்டில் இல்லை என்று சண்டைக்கு வரவேண்டாம். எனக்கும் தெரியும்.)

சூரியன் சொன்ன நேரத்துக்கு வந்தது. கடலுக்கு நடுவில் ஒரு தாம்பாளம் மாதிரி எழும்பி, அலை மேல் செம்பைக் காய்ச்சி ஊற்றியது. மச்சான் போட்டோவாக எடுத்துத் தள்ளினான். செஞ்சியிலிருந்து வந்த எட்டுக் கருங்கல் தூண்களுக்கு நடுவில் காந்தி நடந்துகொண்டிருந்தார். 1836-ல் விளக்கேற்றி 1979 வரை வேலை பார்த்துவிட்டு ரிட்டையர் ஆன பழைய கலங்கரை விளக்கம் பக்கத்திலேயே நின்றது. 143 வருஷ சர்வீஸ்! எங்கள் ஆபீஸில் முப்பதுக்கே பெருமூச்சு விடுகிறார்கள்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மச்சான் கீழே குனிந்தான். "மாமா... மணல்?"

கீழே பாறாங்கல். கறுப்புக் கறுப்பாக, எருமை மாட்டுச் சைஸில், கடலோரம் முழுக்க கொட்டிக் கிடக்கிறது. அதன் மேல் அலை மோதி, நண்டுகள் இடுக்கில் ஓடி ஒளிந்தன. கல் மேல் உட்கார்ந்து செல்போன் பார்க்கலாம், காதலிக்கலாம், மூக்கு சிந்தலாம். காலை மட்டும் நனைக்க முடியாது. வழுக்கினால் மருத்துவக் கல்லூரிதான். எங்கள் பேட்டைக்கே திரும்பி வரவேண்டியிருக்கும்.

என் அப்பா இளவட்டமாக இருந்தபோது இங்கேதான் கபடி ஆடினாராம். "ரோட்டிலேர்ந்து தண்ணி தொடறதுக்கு முன்னாடி கால் கடுக்கும்டா" என்பார். வயசானவர்கள் பழைய காலத்தை எப்போதும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் சொல்வார்கள் என்று நினைத்துவந்தேன். பிறகு பழைய போட்டோக்களைப் பார்த்தேன். அப்பா சொன்னது நிஜம். மணல் இருந்திருக்கிறது. கட்டுமரம் இழுத்து வைத்து, வலை காயப்போட்டு, அதற்கு மேலும் ஆள் நடமாட இடம் இருந்திருக்கிறது.

"யார் எடுத்துட்டுப் போனாங்க?" என்றான் மச்சான், போலீஸில் கம்ப்ளெயின்ட் எழுதுகிற தோரணையில்.

சொன்னேன். நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குகிற ஜாதி இல்லை. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரைக்கும் அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதும். ஒவ்வொரு அலையும் ஒரு பிடி மணலை வடக்கே நகர்த்திப் போடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்ததும் அலை திரும்பி, கொஞ்சத்தைத் தெற்கே தள்ளும். வருஷக் கணக்குப் போட்டால் வடக்கே போவதுதான் ஜாஸ்தி. சில லட்சம் கன மீட்டர் மணல் இப்படிக் கரையை ஒட்டியே யாத்திரை போகிறது. ஒரு ஆறு மாதிரி. கண்ணுக்குத்தான் தெரியாது.

1986-லிருந்து 1989-க்குள் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் சேருகிற இடத்தில் துறைமுகம் கட்டினார்கள். கடலுக்குள் இரண்டு பக்கமும் கல்லால் நீளமாக அலைத்தடுப்புச் சுவர். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றுவிட்டது. இந்தப் பக்கம் இருந்த மணலோ வழக்கம்போல வடக்கே கிளம்பிப் போனது. வரவு நின்றுபோனது, செலவு நிற்கவில்லை. மாசக் கடைசியில் நம் பேங்க் அக்கவுன்ட் என்ன ஆகுமோ அதுதான் கடற்கரைக்கும் ஆயிற்று.

"இது தெரியாமலா கட்டினாங்க?"

தெரியும். தெற்கே சேருகிற மணலை பம்ப் வைத்து உறிஞ்சி வடக்கே கொட்டுவது என்று திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. மணல் போக ஆரம்பித்ததும் ரோட்டைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். அந்தக் கல்தான் இது. 2004 சுனாமியில் ஊர் பிழைத்தது இந்தக் கல்லால்தான் என்று இங்கே பலர் சொல்வார்கள். இருக்கலாம். அதனால் கல்லைத் திட்டவும் மனசு வரவில்லை.

காந்தி சிலைக்கு நேரே கடலில் சில இரும்புக் கால்கள் அவ்வப்போது தலைகாட்டும். பிரெஞ்சுக்காரர்கள் 1866-ல் போட்ட பாலத்தின் மிச்சம். 1952 புயலில் பாலம் போய்விட்டது. அப்புறம் கொஞ்சம் தெற்கே கட்டிய புதுப் பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. இந்தக் கடலுக்குப் பாலம் என்றாலே ஆகாது போலிருக்கிறது.

தலைமைச் செயலகத்தைத் தாண்டுகிற இடத்தில் மச்சான் திடீரென்று ஓடினான். மணல்! நிஜ மணல்!

இது திரும்பி வந்த மணல். சென்னையில் இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்து எஞ்சினீயர்கள் 2018-ல் இங்கே ஒரு வேலை செய்தார்கள். எஃகினால் ஆப்பு மாதிரி ஒரு பிரம்மாண்டமான பெட்டியைச் செய்து கடலுக்குள் மூழ்கடித்தார்கள். அலை அதில் ஏறி உடைந்து, வேகம் செத்துக் கரைக்கு வருகிறது. வேகம் குறைந்ததும் கையில் இருக்கிற மணலைக் கீழே போட்டுவிடுகிறது. துறைமுக முகத்துவாரத்தில் தூர் வாரிய மணலையும் குழாய் வழியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். முப்பது வருஷத்துக்குப் பிறகு பாண்டிச்சேரிப் பிள்ளைகள் டவுனுக்குள்ளேயே மணல்வீடு கட்டினார்கள். செய்தி கேள்விப்பட்டு என் அப்பா தானே ஆட்டோ பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார். "கபடிக்குப் பத்தாது" என்றார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

மச்சான் காலை நனைத்தான். பிரச்னை தீர்ந்தது, வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடலாம் என்று நினைத்தேன்.

"அப்ப வடக்கே இருக்கிறவங்களுக்கு?" என்றான்.

சாஃப்ட்வேர்காரர்களிடம் இதுதான் கஷ்டம். ஒரு பிழையைத் திருத்தினால் அது எங்கே போய் முளைக்கும் என்று பார்க்காமல் விடமாட்டார்கள்.

முத்தியால்பேட்டை தாண்டினால் கோட்டக்குப்பம். அங்கே தமிழ்நாடு. எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ள போர்டு பார்க்கவேண்டியதில்லை; ஒயின்ஷாப் வரிசை எங்கே முடிகிறதோ அதுதான் எல்லை. நடுவில் ஒரு கடையில் இட்லி வடகறியை முடித்துக்கொண்டு, தந்திராயன்குப்பத்தில் திரும்பினோம். டூரிஸ்ட்டுகள் செரினிட்டி பீச் என்பது இதைத்தான். தென்னை, சின்னச் சின்ன விடுதிகள், கையில் பலகையோடு அலை சறுக்கப் போகும் இளசுகள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற கல்வரிசைகள். 'தூண்டில் வளைவு' என்று அழகான பெயர். இரண்டு வளைவுக்கு நடுவில் கொஞ்சம் மணலைப் பிடித்து வைக்கும். தூண்டிலில் மாட்டுகிற அளவுக்குத்தான். அதற்கு அடுத்த ஊருக்குப் போகவேண்டிய மணல் அது. பாண்டிச்சேரியில் கல் போட்டதும் அரிப்பு ஒரு ஊர் தள்ளிப் போனது. அங்கே போட்டதும் இன்னும் ஒரு ஊர் தள்ளிப் போனது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம்... பஸ் ஸ்டாப் மாதிரி வரிசை.

பொம்மையார்பாளையத்தில் படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். மச்சான் போய்ப் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

"அய்யா, இங்க மணல் எவ்ளோ இருந்துச்சு?"

அவர் ஊசியை நிறுத்தாமல், மோவாயால் கடலைக் காட்டினார். "தோ அலை உடையுது பாரு தம்பி, அதுக்கும் அந்தாண்ட. எங்க வூடு அங்க இருந்துச்சு."

"கடலுக்குள்ளயா?"

"அப்ப கடல் அங்க இல்ல."

அதற்குப் பிறகு மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பெரியவர்தான் பேசினார். வீடு போனதைவிட அவருக்குக் கரைவலை போனதுதான் வருத்தம். கரைவலை என்றால் ஊர் கூடி இழுக்கிற பெரிய வலை. கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு இரண்டு முனையையும் கரையில் நின்று இழுக்கவேண்டும். படகு இல்லாதவனுக்கும், வயசானவனுக்கும், விடலைப் பையனுக்கும் அதில் பங்கு உண்டு. "மண்ணு இருந்தாத்தான் நின்னு இழுக்கலாம். கல்லு மேல நின்னு இழுத்தா வலையும் பூடும், காலும் பூடும்." படகை ஏற்றி வைக்கவும் இடம் இல்லையாம். புயல் எச்சரிக்கை வந்தால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கிப் போய் ரோட்டோரம் வைக்கிறார்களாம். 2011 டிசம்பரில் தானே வந்தது, 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் வந்து ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த ராத்திரி கதிர்காமத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் என்று ஒரு வாரம் புலம்பியவன் நான். இவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கிளம்பும்போது, "எல்லாம் அந்தாண்ட ஆர்பருக்குத் தெக்கால கெடக்கு தம்பி. போய்ப் பாரு. எங்க மண்ணு" என்றார். தொலைந்துபோன மாட்டைப் பக்கத்து ஊர்ப் பட்டியில் பார்த்தவர் மாதிரி சொன்னார்.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி மேற்கே சிறிது தூரம் போனால் பூமி சிவக்கிறது. மழைத் தண்ணீர் அறுத்து அறுத்து, செம்மண்ணில் ஆள் உயரத்துக்கும் மேலே பள்ளத்தாக்குகள். காலை வெயிலில் பார்த்தால் ஏதோ வேற்றுக் கிரகம். 1968-ல் ஆரோவில் ஆரம்பித்தபோது இந்த மேடு முழுக்க மொட்டைப் பொட்டல். மழைக்குச் செம்மண் கரைந்து கடலே சிவப்பாகும். லட்சக்கணக்கில் மரம் நட்டு, வரப்புக் கட்டித் தண்ணீரை நிறுத்தி, இப்போது காடாக்கிவிட்டார்கள். மனுஷன் கை வைத்துக் கெட்ட இடமும் மனுஷன் கை வைத்துத் தேறிய இடமும் இங்கே ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்!

இதே பாறை அடுக்கில்தான் திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. எங்கள் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர் இருக்கும். இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரம், ஆண்டு வளையம்கூட அழியாமல் அப்படியே கல். 1781-லேயே சொன்னெரா என்கிற பிரெஞ்சுக்காரர் இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். "போகலாமா?" என்றான் மச்சான். பெட்ரோல் முள்ளைக் காட்டினேன். இரண்டு கோடி வருஷம் காத்திருந்த மரம் அடுத்த லீவு வரை காத்திருக்காதா?

வண்டியைத் தெற்கே திருப்பினேன். கதிர்காமம் பக்கம் போகாமல் ஊருக்குள்ளேயே நுழைந்து, முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், நோணாங்குப்பம். சுண்ணாம்பாறு படகுத் துறைக்கு வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. க்யூவில் எங்களுக்கு முன்னால் ஒரு ஐடி கம்பெனியே நின்றது. மச்சானுக்குத் தெரிந்த முகம் வேறு இரண்டு. விதி.

ஆனால் படகு கிளம்பிப் பத்து நிமிஷத்தில் எல்லாம் மறந்துபோகும். உப்பங்கழி அப்படி. தண்ணீர் அசையாமல் கண்ணாடி மாதிரி. ஓரத்தில் அலையாத்தி மரங்கள். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பதெல்லாம் வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் வேரை மேலே அனுப்பி மூச்சு விடுகிற மரம். பக்கத்தில் குடைக்கம்பி மாதிரி கால் ஊன்றி நிற்கிறது சுரபுன்னை. ஒரு கொக்கு எங்களைப் பார்த்து, இவர்கள் சாப்பிடுகிற ஐட்டம் இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. மீன்கொத்தி ஒன்று நீலக் கோடு போட்டுவிட்டுப் போனது. தேங்காய்த்திட்டுப் பக்கத்திலும் இந்த மாதிரிக் காடு இருக்கிறது. ஊருக்கு இத்தனை கிட்டத்தில், ஃபேக்டரிக்கும் ஃப்ளாட்டுக்கும் நடுவில், இன்னும் இருப்பதே ஆச்சரியம்.

படகு போய் நின்ற இடம் பாரடைஸ் பீச். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், நடுவில் நீள மணல்திட்டு. மச்சான் செருப்பை உதறிவிட்டுக் குழந்தை மாதிரி ஓடினான். கால் வைத்த இடமெல்லாம் பொத் பொத்தென்று உள்ளே போகிற பொன் மணல். அடப்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருந்தது. உருண்டையாக முள் பந்து ஒன்று காற்றில் உருண்டு ஓடியது. ராவணன் மீசை! இந்த இரண்டு செடியும்தான் மணலைப் பறக்காமல் பிடித்து வைக்கிற காவல்காரர்கள். 'சுத்தம் செய்கிறோம்' என்று இவற்றைப் பிடுங்குகிறவர்களைப் பிடித்து மணலில் உருட்டவேண்டும். தை, மாசியில் பங்குனி ஆமைகள் ராத்திரியில் கரையேறி முட்டையிடுவதும் இந்த மாதிரி மணலில்தான். பாறாங்கல்லில் ஆமை என்ன செய்யும்? திரும்பிப் போகும்.

இடுப்பளவுக்கு இறங்கலாம் என்று மச்சான் அடி எடுத்து வைத்ததும் காவலர் விசில் அடித்தார். அடித்தது சரி. இந்தக் கடல் பார்க்கத்தான் பசு. காலடியில் சட்டென்று பள்ளமாகும். நீச்சல் தெரிந்தவர்களே போயிருக்கிறார்கள்.

மீன் சாப்பாடு முடிந்து திரும்புகிற வழியில் அரிக்கமேட்டில் நின்றோம். மாந்தோப்பு, பாழடைந்த சுவர், பக்கத்தில் ஆறு. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. இங்கேதான் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, இத்தாலியில் அரெஸ்ஸோ ஊர் பாணியில் செய்த மெருகு போட்ட பாத்திரங்களையும், ஒயின் வந்த இரட்டைக் கைப்பிடி ஜாடிகளையும் எடுத்தார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியோடு வியாபாரம். பாண்டிச்சேரிக்கு வெளிநாட்டுச் சரக்கு வருவது நேற்று இன்று வந்த பழக்கம் இல்லை என்பதை மச்சான் குறித்துக்கொண்டான். எனக்கு வேறொன்று தோன்றியது. அந்தக் காலத்துத் துறைமுகமும் இதே ஆற்றில்தான். ஆற்றுக்குள்ளே வந்து ஒதுங்கியிருக்கிறார்கள். கடலுக்குக் குறுக்கே சுவர் வைக்கவில்லை.

நாலரை மணிக்கு வீராம்பட்டணம். ஆடித் தேருக்கு வந்திருக்கிறேன். பிரெஞ்சு கவர்னரே வடம் பிடித்த செங்கழுநீர் அம்மன் தேர் அது. கூட்டம் இல்லாமல் இப்போதுதான் பார்க்கிறேன். மீனவர்கள் படகுகளை வரிசையாக மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். அதற்கு மேலும் மணல். பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். (இதற்குத் தெற்கே சின்ன வீராம்பட்டணத்துக் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்றிதழே கிடைத்தது.) கரையோரமாகவே வடக்கு நோக்கி நடந்தோம். நடக்க நடக்க மணல் அகலமாகிக்கொண்டே போனது. கடைசியில் தூரத்தில் கல்வரிசை. துறைமுகச் சுவர்.

அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் மணல் குவிந்து கிடந்தது. அந்தப் பக்கம் பாறாங்கல். காலையில் கேள்விப்பட்டதெல்லாம் ஒரே பார்வையில் புரிந்தது. சுவரைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் மணல் முகத்துவாரத்துக்குள்ளேயும் புகுந்து அடைத்துக்கொள்ளும். அப்போது படகுகள் தட்டி நிற்கும், மீனவர்கள் போராட்டம் நடத்துவார்கள், தூர் வாருவார்கள், மறுபடி அடைக்கும். யாருக்காகத் துறைமுகமோ அவர்களுக்கும் சுகமில்லை.

சென்னைக்காரர்கள் சிரிக்கவேண்டாம். உங்கள் மெரினாவும் இப்படி வந்த சொத்துதான். 1876-ல் மெட்ராஸ் துறைமுக வேலை ஆரம்பித்த பிறகு தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து அகலமானது மெரினா. வடக்கே ராயபுரம், காசிமேட்டுக் கரை கரைந்தது. ஒருத்தர் வீட்டு வாசலில் கோலம் போட இன்னொருத்தர் வீட்டு அரிசிமாவு.

"இதுக்கு வழியே இல்லையா மாமா?"

இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ட்வீட் என்று ஒரு ஆறு. அதன் முகத்துவாரத்தில் அறுபதுகளில் சுவரை நீட்டினார்கள். வடக்கே கோல்ட் கோஸ்ட் கடற்கரை காலியாயிற்று. அப்புறம் அங்கே கடலுக்குள் ஒரு பாலம் கட்டி, பம்ப் வைத்து, தெற்கே சேருகிற மணலை ஆற்றுக்கு அடியில் குழாய் வழியாக அந்தப் பக்கம் அனுப்புகிறார்கள். 2001-லிருந்து நடக்கிறது. ஒரு தடவை செய்துவிட்டு ரிப்பன் வெட்டிவிட்டுப் போகிற வேலை இல்லை. தினசரி வேலை. வாசல் பெருக்குகிற மாதிரி. இங்கேயும் பாண்டிகேன் என்கிற அமைப்பு வருஷக்கணக்காக இதைத்தான் சொல்லிவருகிறது. சேகர் தத்தாத்ரி இதைப் பற்றி ஒரு டாக்குமென்டரியே எடுத்தார்.

பேசிக்கொண்டே இருக்கும்போது மச்சான் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் குடித்து முடித்தான். ஒரு லிட்டர் பாட்டில். குனிந்து உட்கார்ந்து, பிடிப் பிடியாக மணலை அதில் நிரப்ப ஆரம்பித்தான்.

"என்னடா பண்றே?"

"அந்தப் பெரியவர் மண்ணு. கொண்டுபோய்க் குடுத்துடலாம்."

"டேய், அதுக்கு ஊரையே தாண்டிப் போகணும்டா!"

"மணலும் அவ்ளோ தூரம்தானே மாமா போகணும்?"

பெட்ரோல் போட்டுக்கொண்டு (அவன் காசு) மறுபடி வடக்கே. போகிற வழியில் அவன் பின்சீட்டில் செல்போனில் கணக்குப் போட்டான். வருஷத்துக்கு மூணு லட்சம் கன மீட்டர் என்று குறைச்சலாகவே வைத்துக்கொண்டாலும் முப்பது கோடி லிட்டர். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாட்டில் என்றால், ஒரு வருஷத்து மணலைக் கொண்டுசேர்க்க ஐம்பத்தேழு லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகும்.

"ரொம்ப லேட் இல்ல மாமா. திருவக்கரை மரத்துக்கு ரெண்டு கோடி ஆச்சே!"

பொம்மையார்பாளையம் போய்ச் சேர்ந்தபோது இருட்ட ஆரம்பித்திருந்தது. பெரியவர் இல்லை. படகு மட்டும் இருந்தது. கல் மேல் கவனமாக இறங்கி, அலை வந்து தொடுகிற இடத்தில் மச்சான் பாட்டிலைக் கவிழ்த்தான். ஒரு பிடி அளவுக்குச் சின்னக் குன்று. பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொடியன், "இன்னாண்ணே, சாமிக்கா?" என்றான். பதில் சொல்வதற்குள் அலை வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"எந்தப் பக்கம் போகும் மாமா?"

காற்றைப் பார்த்தேன். தெற்கிலிருந்து அடித்தது. "வடக்கேதான். அடுத்த ஊருக்கு."

"அவங்களுக்கும் வேணும்ல" என்றான்.

ராத்திரி எட்டரைக்குக் கதிர்காமம். வாசலில் செருப்பை உதறினோம். டிராயர் பாக்கெட், ஸ்கூட்டர் டிக்கி, காது மடல் எல்லாவற்றிலிருந்தும் கொட்டியது. கால் லிட்டராவது இருக்கும். துடைப்பத்தோடு வந்து நின்றாள் மனைவி.

"அக்கா, தூக்கிப் போட்டுடாதே!" என்று உள்ளே ஓடிப்போய் ஒரு காலி பாட்டிலைத் தேட ஆரம்பித்தான் மச்சான்.